குற்றம் குதிரையில் இல்லை

வெடிக்கவில்லை என்று துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பவர்கள் பெரும்பாலும் குதிரையைத்தான் கைகாட்டுவார்கள். "ஸ்பிரிங் செத்துப்போச்சுங்க, மாத்திக் குடுத்துருங்க" என்பார்கள். நான் கேட்பது வேறு. வெடிக்காமல் நின்ற தோட்டா எங்கே? பயத்தில் அதைக் கிணற்றில் வீசியிருப்பார்கள், இல்லையென்றால் வரப்போரம் புதைத்திருப்பார்கள். யாராவது ஒருவர் பத்திரமாகக் கொண்டுவந்து காட்டினால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

தோட்டாவின் அடியில் மிளகளவில் ஒரு கேப்பு இருக்கிறது. குதிரை விழுந்து தட்டியதும் பின் என்கிற ஊசி வந்து குத்திய தடம் அதில் நிற்கும். தடம் நடுவில், ஆழமாக, வட்டமாக இருந்தால் துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது. தோட்டா பழசு, அல்லது மருந்து நமத்திருக்கிறது. தடம் நடுவில்தான், ஆனால் மேலோட்டமாக இருக்கிறது என்றால், குதிரையின் வேகத்தை ஏதோ ஒன்று தின்கிறது, அல்லது தோட்டா பின்னுக்கு எட்டாத தூரம் முன்னே போய் உட்காருகிறது. தடம் ஓரமாக விழுந்திருந்தால் குழல் தன் இடத்தைவிட்டு நகர்ந்திருக்கிறது. கீல் ஆணியைப் பார்க்க வேண்டும். தடமே இல்லையென்றால் பின் உடைந்திருக்கும், சிக்கியிருக்கும். கேப்பு ஓட்டையாகி ஓரம் கருகியிருந்தால் யாரோ பின்னை அரத்தால் ராவிக் கூராக்கியிருக்கிறார்கள். அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. ஓட்டை வழியே வரும் புகையும் சூடும் சுடுகிறவர் முகத்துக்குத்தான் போகும். பின்னின் முனை அரைக்கோளமாக, வழவழப்பாக இருக்க வேண்டும். குதிரை விழுந்த நிலையில் அது வெளியே நீட்டுவது ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

இதையெல்லாம், குதிரையும் ஸ்பிரிங்கும் இருக்கும் பூட்டைக் கழற்றுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கழற்றிய பிறகு தெரிவது குறைவு.

தாராபுரம் வட்டாரத்தில் என் கைக்கு வந்தவற்றில் மிகுதியும் பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல். நடுவில் மடக்கித் தோட்டா போட வேண்டும். வெளியே தெரியும் குதிரை ஒன்று, விசை ஒன்று. அலங்கியம், குண்டடம், மூலனூர் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பயிர்க் காவலுக்கென்று உரிமம் வாங்கியவை. சில பர்மிங்காம் முத்திரை குத்தியவை, வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கித் தாத்தா வழியாக வந்தவை. நிறைய பீகாரின் முங்கேரில் செய்தவை. மீர் காசிம் 1760-களில் அங்கே தலைநகரை வைத்துத் துப்பாக்கிப் பட்டறைகளை ஏற்படுத்தியதிலிருந்து அந்த ஊர் இதே தொழிலில் இருக்கிறது. முங்கேர் வேலையை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பேசமாட்டேன். கை அரத்தால் மட்டுமே இழைத்துப் பொருத்திய சில பூட்டுகளின் நேர்த்தியைப் பார்த்து நான் வாயடைத்திருக்கிறேன். ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேராது என்பது மட்டும்தான் அவற்றில் தொல்லை. ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் பின்னையும் நாமே செய்துகொள்ள வேண்டும்.

துப்பாக்கியோடு உரிமப் புத்தகமும் வரும். அதைப் பார்க்காமல், எண்ணைச் சரிபார்க்காமல், பதிவேட்டில் எழுதாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை. பழைய புத்தகங்கள் சிலவற்றில் இந்தப் பக்கத்து வரலாறே இருக்கும். முதல் பக்கத்தில் கோயமுத்தூர் கலெக்டர் முத்திரை. 1979-க்குப் பிறகு பெரியார் மாவட்டம். அது பேர் மாறி ஈரோடு. 2009 முதல் திருப்பூர். தோட்டமும் வீடும் இருந்த இடத்திலேயே இருக்க, ஒரே துப்பாக்கி நான்கு மாவட்டப் பேரைப் பார்த்திருக்கிறது.

நான் வேலை பழகியது கோவையில், மாமாவிடம். அவர் ஒரு துப்பாக்கிக் கடையின் பின்கட்டில் ரிப்பேர் மேஸ்திரி. முதல் வருஷம் முழுக்க என்னை எதையும் கழற்ற விடவில்லை. காடா விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. குழலின் அடிப்பாகத்தை அந்தப் புகையில் காட்டினால் மெல்லிய கரி படியும். குழலைப் பாடியில் பொருத்தி மூடித் திறந்தால் எங்கெங்கே இரும்பு இரும்பைத் தொடுகிறதோ அங்கெல்லாம் கரி வழித்துக்கொண்டு போயிருக்கும். தொடாத இடம் கறுப்பாகவே நிற்கும். அந்த வெள்ளிப் புள்ளிகளைப் பார்த்து, அதில் மட்டும் அரத்தை ஒரு இழுப்பு. மறுபடி புகை. "கண்ணால பாக்கறது பொய்டா மாப்ளே, கரி சொல்றதுதான் நெசம்" என்பார். இப்போது அளவுகோல்கள் எத்தனையோ வந்துவிட்டன. குழல் பாடியோடு உட்காருகிறதா என்று பார்க்க நான் இன்றும் விளக்கைத்தான் ஏற்றுகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் குண்டடம் பக்கம் ஒரு தோட்டத்துப் பெரியவரின் துப்பாக்கி என்னைப் பாடாய்ப்படுத்தியது. நல்ல ஆங்கிலேய வேலை, ஒரு சொட்டு ஆட்டமில்லை. நிலக்கடலைக் காட்டில் பன்றி இறங்கும்போது விரட்டுவதற்கு வைத்திருந்தார். அவர் தோட்டத்தில் வெடிக்காது. என் பட்டறைக்குக் கொண்டுவந்தால் முதல் அழுத்தத்திலேயே வெடிக்கும். ஸ்பிரிங்கின் விறைப்பைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பின்னை அளந்தேன், சரியாக இருந்தது. தோட்டா அதே பெட்டி, அதே வரிசை. "ஏனுங் மேஸ்திரி, உங்க கைராசிக்கு மட்டுந்தான் வெடிக்கும்போல இருக்குதுங்" என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். நல்ல வேளையாக வெடிக்காத தோட்டாக்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எல்லாத் தடமும் நடுவில், எல்லாம் மேலோட்டம். அப்படியானால் அங்கே குதிரை மெதுவாக விழுகிறது. இங்கே ஏன் விழவில்லை?

எப்போதெல்லாம் தவறியது என்று கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னார். எல்லாமே விடியக் கருக்கலில், மார்கழியிலும் தையிலும். சித்திரை வைகாசியில் ஒரு தடவையும் தவறியதில்லை. அன்று இரவே அவருடன் போய்ச் சாளையில் படுத்துக்கொண்டேன். கோழி கூப்பிடும் நேரத்துக்கு எழுந்து, அரிக்கேன் வெளிச்சத்தில் பூட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஸ்பிரிங் சந்தில், குதிரையின் அச்சில், பின் ஓடும் துளையில் எல்லாம் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது தேங்காய் எண்ணெய்.

சொந்தத் தென்னந்தோப்பு. செக்கில் ஆட்டிய எண்ணெயை அள்ளி ஊற்றிப் பாசத்தோடு பராமரித்திருக்கிறார். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். பகலில் என் பட்டறைக்கு வந்துசேரும்போது வெயிலில் இளகிப்போகும், குற்றவாளி தப்பிவிடுவான். மண்ணெண்ணெயில் எல்லா பாகத்தையும் ஊறவைத்துக் கழுவி, உலர்த்தி, தையல் மிஷினுக்கு ஊற்றும் வெள்ளை எண்ணெயைத் துணியில் ஒற்றித் தடவிக் கொடுத்தேன். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகள் பெருகிய பிறகு அந்த எண்ணெய் பெட்டிக்கடைகளில்கூடக் கிடைக்க ஆரம்பித்தது. இந்த வட்டாரத்துத் துப்பாக்கிகளுக்கு அது பெரிய நன்மை. கறை படாத, கெட்டியாகாத எண்ணெய் அது. அதுவும் துளிதான் வேண்டும், ஊற்றக் கூடாது.

அதிலிருந்து "என்ன ஆச்சு" என்று கேட்பதோடு "எப்ப ஆச்சு, எங்க வெச்சிருந்தீங்க" என்றும் கேட்கப் பழகினேன். அந்தக் கேள்விதான் ஜின்னிங் பேக்டரி காவலாளியின் துப்பாக்கியில் கைகொடுத்தது. அதிலும் இதே நோய், மேலோட்டமான தடம். காவலாளி நல்ல எண்ணெய்தான் போட்டிருந்தார். ஆனால் துப்பாக்கி நிற்கும் மூலை பஞ்சு பறக்கும் இடம். எண்ணெய்ப் பிசுக்கில் பஞ்சுத் தூசி ஒட்டி, ஒட்டி, குதிரைக்குப் பின்னால் கம்பளித் துணி மாதிரி மெத்தென்று ஒரு அடுக்கே உருவாகியிருந்தது. குறட்டால் உரித்து எடுத்தேன். பாகம் எதையும் மாற்றவில்லை.

ஸ்பின்னிங் மில் காவலாளி ஒருவர் கொண்டுவந்தது வேறு கதை. தோட்டா போட்டால் திரும்ப வெளியே வரமாட்டேன் என்கிறது, எக்ஸ்ட்ராக்டரை மாற்ற வேண்டும் என்று மானேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டோடு வந்தார். எக்ஸ்ட்ராக்டரின் உதடு கூர்மையாகத்தான் இருந்தது. அவர் இடுப்பைப் பார்த்தேன். அகலமான தோல் பெல்ட், தோட்டா செருகும் வளையங்களோடு, வருஷக்கணக்காக அதே தோட்டாக்கள். ஒன்றை உருவினேன். பித்தளை அடி முழுக்கப் பச்சைக் களிம்பு. தோலைப் பதப்படுத்தும் சரக்கு பித்தளையை அரிக்கும். ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகம். நூல் அறுந்துபோகாமல் இருக்க ஸ்பின்னிங் மில்லுக்குள் காற்றில் ஈரத்தை வேண்டுமென்றே கூட்டி வைத்திருப்பார்கள். அந்தச் சுவரை ஒட்டிய அறையில்தான் பெல்ட் தொங்கியிருக்கிறது. களிம்பு பிடித்த தோட்டா அறைக்குள் இறுகிக்கொள்ளும். எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைவிட்டு வழுக்கும். குழலின் அறையைத் துடைத்து மெருகேற்றினேன். கெட்டுப்போன தோட்டாக்களைக் கணக்கில் காட்டி ஒப்படைத்துவிட்டுப் புதுசு வாங்கச் சொன்னேன். பணியில்லாத நேரத்தில் தோட்டாவைப் பெல்ட்டில் வைக்கவே கூடாது என்று மானேஜருக்கு அந்தச் சீட்டின் பின்புறமே எழுதி அனுப்பினேன்.

முன்பு தோட்டாவுக்குக் காகித உறைதான். ஐப்பசி மழையில் ஊதிப்போய் அறைக்குள் நுழையாது. அதைக் கட்டைவிரலால் திணிப்பார்கள். பிளாஸ்டிக் உறை வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. புனே அருகே கட்கி தொழிற்சாலையின் சக்திமான் தோட்டாதான் இங்கே எல்லோர் கையிலும் இருந்தது. இன்னொரு தொல்லை உரிமையாளர்களுக்குத் தெரியாமலே நடக்கும். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளின் அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு வெட்டியது. 70 மில்லிமீட்டர்த் தோட்டாவும் அதில் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். வெடிக்கும்போது மடித்த வாய் முழுக்க விரிய இடமிருக்காது, அழுத்தம் ஏறும். "தோள்பட்டை கழண்டுபோகுதுங்க, கட்டையைச் சரிபண்ணுங்க" என்று வருபவர்களின் குழலடியை முதலில் பார்ப்பேன். இரண்டரை அங்குலம் என்ற குறியோ 65 என்ற எண்ணோ இருந்தால் கட்டையை விட்டுவிட்டுத் தோட்டாப் பெட்டியைப் பார்ப்பேன்.

என்னை இன்றும் சங்கடப்படுத்துவது வெல்டிங். மூலனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த ஒற்றைக்குழலில் கேப்புத் தடம் ஓரமாக விழுந்திருந்தது. மூடிய நிலையில் குழலைப் பிடித்து ஆட்டினால் ஆட்டமே இல்லை. முன்கட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டச் சொன்னேன். கடகடவென்று ஆடியது. முன்கட்டையின் ஸ்பிரிங் குழலை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் கீல் ஆணியின் தேய்மானம் வெளியே தெரியாது. அதனால் முன்கட்டையோடு சோதித்த துப்பாக்கியைச் சோதித்ததாகவே நான் எடுத்துக்கொள்வதில்லை. இதற்கு நேர்வழி, துளையைச் சீராக்கிக் கொஞ்சம் பருமனான புது ஆணியைக் கடைந்து போடுவது. கரி பார்த்துப் பார்த்துச் செய்தால் இரண்டு நாள் வேலை. ஆனால் இவர் எனக்கு முன்பே ஒரு லேத் பட்டறைக்குப் போயிருக்கிறார். அவர்கள் கீல் ஆணியைக் கவ்வும் தேய்ந்த கொக்கியின்மேல் வெல்டிங் வைத்து மேடு கட்டி, கல்லில் தேய்த்து, பெயின்ட் அடித்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்து லேத்காரர்கள் கைதேர்ந்தவர்கள். மில் மிஷினின் எந்த அச்சைக் கொடுத்தாலும் கடைந்து தருவார்கள். ஆனால் அந்தக் குழலுக்கு அடியில் இருக்கும் கொக்கி தனித் துண்டு. பித்தளை ஊற்றிக் குழலோடு ஒட்டியது. வெல்டிங்கின் சூடு அந்த ஒட்டை இளக்கிவிடும். குழலின் அடிதான் வெடிப்பின் முழு அழுத்தத்தையும் தாங்கும் இடம்; அந்த இரும்பின் குணமும் சூட்டில் மாறிப்போகும். பெயின்ட்டைச் சுரண்டினேன். ஒட்டின் ஓரத்தில் முடியளவு கோடு தெரிந்தது. இதில் இனி ஒரு தோட்டாகூடப் போடக் கூடாது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கப்பன் வெச்சிருந்ததுங்க இது. ஒரு ஆணி போட்டுக் குடுக்கறதுக்கு இத்தனை பேச்சா?" ஆணி போட்டுக் கொடுத்திருந்தால் காசு வந்திருக்கும், துப்பாக்கியும் இறுக்கமாக மூடியிருக்கும். என்றைக்காவது சுடும்போது கொக்கி விட்டு, குழல் திறந்து, முகத்துக்கு நேரே வெடித்திருக்கும். பதிவேட்டில் 'பயன்படுத்தத் தகுதியற்றது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அவர் பேசாமல் போனார். பிறகு அதைச் சட்டப்படி ஒப்படைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

உரிமம் இல்லாத துப்பாக்கியோடு இருட்டில் வந்து கதவைத் தட்டியவர்களும் உண்டு. குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகள். பழுது சின்னதுதான், பத்து நிமிஷம்தான், பணம் கூடத் தருகிறோம் என்பார்கள். நான் அவற்றைத் தொட்டதில்லை. சட்டம் ஒரு காரணம். தண்ணிக் குழாயைக் குழலாக்கிய ஒன்றை ரிப்பேர் செய்துகொடுத்தால், அடுத்து அது எடுக்கும் விரலுக்கும் கண்ணுக்கும் நான் பொறுப்பு என்பது இன்னொரு காரணம்.

வேலை கற்க வந்த பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது காத்திருப்பதைத்தான். விசையை அழுத்தி வெடிக்கவில்லையென்றால் குழல் ஆளில்லாத திசையைப் பார்த்தபடியே ஒரு நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். சில தோட்டாக்களில் கேப்பு பற்றி, மருந்து தாமதமாகப் பிடிக்கும். உடனே மடக்கித் திறப்பவன் கைக்குள் வெடிக்கும். பட்டறையில் பூட்டைச் சோதிக்க மருந்தில்லாத டம்மித் தோட்டா மட்டும்தான். நிஜத் தோட்டா மேசைக்கே வரக் கூடாது. வெறும் அறையில் குதிரையைத் தட்டித் தட்டி விளையாடக் கூடாது, பின் எதிலும் மோதாமல் போய் நின்று நின்று கழுத்தில் ஒடியும். இதையெல்லாம் இப்போது அரசே கட்டாயமாக்கியிருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி புதிதாக உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அந்த விதி நாற்பது வருஷம் முன்பே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பயிற்சியில்லாத கைகள் கெடுத்த பூட்டுகள்தான் எனக்குச் சோறு போட்டன என்றாலும் சொல்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்தபோது துப்பாக்கி என்பது மண்வெட்டி, ஏர்க்கலப்பையோடு சேர்ந்த தோட்டத்துச் சாமான். 1972-ன் வனவிலங்குச் சட்டம் மெல்ல மெல்லத்தான் ஊர்களுக்குள் வந்துசேர்ந்தது. மயிலைச் சுடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். பன்றியையும் இஷ்டத்துக்குச் சுட முடியாது என்று புரிய நாளானது. மயில் இப்போது அலங்கியம் வரப்புகளில் கோழி மாதிரி மேய்கிறது, விதைத்த கடலையைக் கிளறிப் பொறுக்குகிறது. காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 தொடக்கத்தில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றை வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. சுடுவது வனத்துறைதான், தோட்டக்காரர் இல்லை. அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். அடிபட்டுச் சாகாமல் காட்டுக்குள் ஓடும் பன்றியைத் தேடிப்போகும் பொறுமையும் பழக்கமும் எல்லோருக்கும் இருக்காது. ஆனால் அதனால் தோட்டத்துத் துப்பாக்கிக்கு வேலையில்லாமல் போனது. அப்பா இறந்ததும் மகன்கள் புதுப்பிக்காமல் ஒப்படைத்துவிடுகிறார்கள். மகன் திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்க வேண்டும் என்றாலும், அதற்காகக்கூட அலைய அவனுக்கு நேரமில்லை.

இப்போது என்னிடம் வருவதில் பாதி, தேர்தல் முடிந்து திரும்பி வருபவை. நடத்தை விதி அமலுக்கு வந்ததும், விலக்குப் பெற்றவர்கள் தவிர மற்றவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16-ல் அறிவிப்பு வந்தது, ஜூன் 4-ல்தான் வாக்கு எண்ணினார்கள். அத்தனை நாளும் துப்பாக்கி கையைவிட்டுப் போயிருக்கும். அவசரத்தில் கோணிச்சாக்கில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். சாக்கு ஈரத்தை இழுத்துக் குழலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது சணல் இழையின் கோடுகள் அப்படியே துருவாகப் பதிந்திருக்கும்.

ஒப்படைப்பதற்கு முந்தின நாள் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். குழலை உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்து, மிஷின் எண்ணெய் ஒற்றிய துணியால் இன்னொரு தடவை துடையுங்கள். டம்மித் தோட்டா போட்டுக் குதிரையை இறக்கிவிடுங்கள். ஏற்றிய ஸ்பிரிங்கோடு மாதக்கணக்கில் நிற்க வேண்டாம். பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள், சாக்கும் பிளாஸ்டிக் பையும் ஆகாது. ரசீது வாங்கும்போது குழலில் உள்ள எண்ணையும் ரசீதில் எழுதிய எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். தேய்ந்த மூன்று எட்டாகத் தெரியும், ஒன்று ஏழாகத் தெரியும். அந்த ஓர் எண்ணைத் திருத்த ஒரு குடும்பம் தாலுக்கா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ஒரு வருஷம் நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.